டிரைவர் போன்ல வண்டி டிராக்கிங்: புள்ளி நின்னா, தாவினா, தப்பா காட்டினா எங்க பார்க்கணும்

பெங்களூர்ல அஞ்சு பத்து வண்டி வெச்சு ஓட்டுற நம்ம ஆளுங்களுக்குத்தான் இது. கலாசிபாளையத்துல பார்சல், பீன்யால மெட்டீரியல் சப்ளை, பொம்மசந்திராவுக்கு கம்பெனி லோடு, சிட்டி மார்க்கெட்ல காய்கறினு ஓடுற குட்டி யானை, டெம்போ, ஒண்ணு ரெண்டு லாரி. வண்டிக்குனு தனியா டிராக்கர் பொட்டி மாட்டாம டிரைவர் போன்லயே ஒரு ஆப்பைப் போட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மேப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு, எந்த வண்டி எங்க நிக்குதுனு பார்க்கிற ஏற்பாடு. செலவு கம்மி, ஆனா மாசத்துல பாதி நாள் "சேட்டிலைட் சரியில்ல போலருக்கு"னு ஒரு புலம்பல் வந்துக்கிட்டே இருக்கும்.

சேட்டிலைட் மேல பழி போடுறதை முதல்ல விட்டுடுங்க. ஜிபிஎஸ் சேட்டிலைட் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது, அது வேலை ரேடியோ ஸ்டேஷன் மாதிரி, பேசிக்கிட்டே இருக்கும், யார் கேக்குறாங்கனு அதுக்குத் தெரியாது. உங்க வண்டி எங்க இருக்குனு எந்த சேட்டிலைட்டுக்கும் தெரியாது. போன்தான் குறைஞ்சது நாலு சேட்டிலைட் சத்தத்தைக் கேட்டு, ஒவ்வொண்ணும் வந்து சேர எவ்ளோ நேரம் ஆச்சுனு கணக்குப் போட்டு "நான் இங்க இருக்கேன்"னு தானே கண்டுபிடிக்குது. அப்புறம் அதை ஆப் எடுத்து மொபைல் டேட்டால சர்வருக்கு அனுப்பணும். அப்புறம் சர்வர் அதை உங்க மேப்ல வரையணும்.

ஆக எந்தக் கோளாறா இருந்தாலும் மூணு கேள்விதான். போனுக்கே இடம் தெரியலையா? தெரிஞ்சும் அனுப்பலையா? அனுப்பியும் உங்க ஸ்கிரீன் தப்பா வரையுதா? இதைப் பிரிக்காம போனை மாத்து, சிம்மை மாத்து, ஆப்பை அழிச்சுட்டு திரும்பப் போடுனு ஆரம்பிச்சா நாள் முழுக்க அதுலயே போயிடும்.

பிரிக்கிறது சுலபம். டிரைவருக்கு போன் பண்ணி வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்க (ஓட்டிக்கிட்டே போனை நோண்ட வேண்டாம்), கூகுள் மேப்ஸைத் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்க. அதுல நீலப் புள்ளி சரியான ரோட்டுல, சின்ன வட்டத்தோட இருந்தா போன் ஜிபிஎஸ் நல்லாத்தான் இருக்கு, தப்பு அனுப்புறதுல. அதுலயும் தப்பா இருந்தா போன் பக்கம் பாருங்க. உங்க டேஷ்போர்டுல (ஆபீஸ் கம்ப்யூட்டர்ல திறக்கிற மேப் பக்கம்) "கடைசி அப்டேட்" நேரம்னு ஒண்ணு இருக்கும், அது ஒரு நிமிஷம் முன்னாடினு இருந்து இடம் மட்டும் தப்பா இருக்கா, இல்ல ரெண்டு மணி நேரம் முன்னாடினு நிக்குதா, இதையும் குறிச்சுக்கோங்க. இடம் தப்பா இருக்கிறதும் பழைய இடத்தைக் காட்டுறதும் ஒண்ணு இல்ல, ஆனா ஓனருங்க ரெண்டையும் "தப்பா காட்டுது"னு ஒரே வார்த்தைல சொல்லுவாங்க, மெக்கானிக்குக்கு அங்கதான் தலைவலி.

கிளம்பும்போது வருது, கொஞ்ச நேரத்துல புள்ளி அப்படியே நின்னுடுது, டிரைவர் போனைத் திறந்தா திரும்ப ஓடுது

வர்ற புகார்ல இதுதான் அதிகம், அதனால இதைக் கொஞ்சம் விலாவாரியா பார்ப்போம்.

முதல்ல ஒரு விஷயம் கவனிங்க. புள்ளி திரும்ப உயிர் வந்ததும் நடுவுல விட்டுப்போன பாதை என்ன ஆகுது? சில்க் போர்டுல நின்ன புள்ளி ஒரு மணி நேரம் கழிச்சு அத்திபெலேல எழுந்திரிக்குதுனு வைங்க. நடுவுல வளைவு நெளிவோட முழுப் பாதையும் திடீர்னு நிரம்பினா ஆப் உயிரோடதான் இருந்திருக்கு, இடத்தை எல்லாம் சேத்து வெச்சிருக்கு, அனுப்பத்தான் டேட்டா கிடைக்கல. நடுவுல ஒரே நேர்கோடு மட்டும் இழுத்து வெச்சிருந்தா அந்த நேரம் பூரா ஆப் செத்துக் கிடந்திருக்கு. இது தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஆனா ஆப்ல சேத்து வெச்சு அனுப்புற வசதி இருக்கானு முதல்ல விக்கிறவங்ககிட்ட கேட்டுக்கோங்க, இல்லாத ஆப்ல ரெண்டுமே நேர்கோடாத்தான் தெரியும்.

நேர்கோடு கேஸ்: பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன்னு போனே ஆப்பை மூடுது. ஆண்ட்ராய்டு 6 வந்த 2015லயே போன் சும்மா கிடந்தா ஆப்பைத் தூங்க வைக்கிற டோஸ்னு ஒண்ணு வந்துச்சு. 2017ல ஆண்ட்ராய்டு 8, பின்னணில ஓடுற ஆப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு சில தடவைதான் இடம் சொல்லுவேன்னுடுச்சு. 2019ல ஆண்ட்ராய்டு 10 வந்து "எப்பவும் அனுமதி"யையும் "ஆப்பை யூஸ் பண்ணும்போது மட்டும்"கிறதையும் தனித்தனியா பிரிச்சுது. ஒவ்வொண்ணும் நல்லதுக்குத்தான் பண்ணாங்க, கண்ட ஆப்பும் நம்மளைப் பின்தொடராம இருக்க. ஆனா நமக்கு வேணும்ங்கிற ஆப்பும் அதே வலைல மாட்டுது.

போன்ல செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த டிராக்கிங் ஆப், பெர்மிஷன்ஸ், லொகேஷன்னு போங்க. அங்க "அலோ ஆல் த டைம்" டிக் ஆகியிருக்கணும். ஆண்ட்ராய்டு 11ல இருந்து ஆப் கேக்குற பெட்டிலயே இந்த ஆப்ஷன் வராது, செட்டிங்ஸுக்குள்ள போய்த்தான் கைல மாத்தணும், அதனால இன்ஸ்டால் பண்ணும்போது எல்லாத்துக்கும் ஓகே கொடுத்தேன் சார்னு டிரைவர் சொல்றது பொய் இல்ல, ஆனா அது போதாது. அடுத்து அதே ஆப் பக்கத்துல பேட்டரினு இருக்கும், அதை "அன்ரெஸ்ட்ரிக்டெட்"ல வைங்க. அடுத்து, யூஸ் பண்ணாத ஆப்போட பெர்மிஷனைத் தானா பிடுங்குற ஒரு ஸ்விட்ச் கீழ இருக்கும், ஆப்பை யாரும் திறந்தே பார்க்கலனா சில மாசத்துல இது வேலையைக் காட்டும், அதை ஆஃப் பண்ணுங்க. டிராக்கிங் ஆப்பை டிரைவர் எதுக்குத் திறக்கப் போறாரு?

ஷாவ்மி, ரெட்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்ல இன்னொரு அடுக்கு இருக்கு, ஆட்டோஸ்டார்ட் இல்லனா ஆட்டோ லாஞ்ச்னு பேர் இருக்கும். இது ஆன் ஆகலனா போன் ஒரு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆனதும் ஆப் எழுந்திரிக்காது. ரீசன்ட் ஆப்ஸ் லிஸ்ட்ல ஆப்பை அழுத்திப் பிடிச்சு பூட்டு போட முடிஞ்சா போட்டுடுங்க, ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு எல்லா ஆப்பையும் மேல தள்ளி "க்ளியர் ஆல்" கொடுக்கிற பழக்கம் கைலயே ஊறிப்போச்சு. பேட்டரி சேவர் மோடு 20 சதவீதத்துல தானா ஆன் ஆகும்படி வெச்சிருந்தா அதையும் எடுங்க.

எல்லாம் சரியா இருந்தா ஸ்கிரீன் மேல எப்பவும் போகாத ஒரு நோட்டிஃபிகேஷன் நிக்கும், "உங்க இடம் பகிரப்படுது"ங்கிற மாதிரி. டிரைவர்கிட்ட அதை மட்டும் காலைல பார்க்கச் சொன்னாப் போதும். அது இருந்தா ஆப் ஓடுது. இல்லனா ஆப்பைத் திறந்து மூடணும். அந்த நோட்டிஃபிகேஷன் தொல்லைனு யாராவது அதை மறைச்சு வெச்சா நல்லா இருக்கிற வண்டியும் செத்த வண்டியும் ஒரே மாதிரி தெரியும், அதனால மறைக்க விடாதீங்க.

பாதை பின்னாடி நிரம்புற கேஸ்: டேட்டா சேவர் ஆன் ஆகியிருக்கும், இல்ல அந்த ஆப்புக்கு மட்டும் பேக்கிரவுண்ட் டேட்டா ஆஃப் ஆகியிருக்கும், இல்ல அன்னைய டேட்டா காலி. ரெண்டு சிம் போன்ல ஓசூர் தாண்டினதும் டிரைவர் வீட்டு சிம்முக்கு டேட்டாவை மாத்துறதும் உண்டு, அதுல ரீசார்ஜ் இருக்காது. டிராக்கிங்குக்கு டேட்டா ஒண்ணும் பெருசா ஆகாது, ரீல்ஸ் பார்த்துத்தான் காலி ஆகும், ஆனா அதைச் சொன்னா சண்டை வரும். தர்மபுரி சேலம் ரோட்டுல தொப்பூர் கணவாய் மாதிரி மலைப் பக்கம் கொஞ்ச நேரம் டவர் விட்டுப்போய் புள்ளி நின்னா அதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம், ஜிபிஎஸ்ஸுக்கு டவரே தேவை இல்ல, அது பாட்டுக்கு எழுதி வெச்சுக்கும், இறங்கினதும் வந்து சேரும்.

புள்ளி வருது, ஆனா அரை கிலோமீட்டர் ஒரு கிலோமீட்டர் தள்ளி, பெரிய வட்டத்தோட

ஆண்ட்ராய்டு 12ல இருந்து "யூஸ் ப்ரிசைஸ் லொகேஷன்"னு தனி ஸ்விட்ச். இது ஆஃப்னா ஆப்புக்கு உத்தேசமா ஏரியாவை மட்டும்தான் போன் சொல்லும், வண்டி ஜெயநகர்ல இருக்குங்கிற அளவுக்கு. முதல்ல அதை ஆன் பண்ணுங்க. அது ஏற்கெனவே ஆன்ல இருந்தா, போன் சேட்டிலைட்டைப் பிடிக்காம டவரை மட்டும் வெச்சு ஊகிக்குதுனு அர்த்தம். போனை எங்க வெச்சிருக்காருனு கேளுங்க: சீட்டுக்கு அடியில, டூல் பாக்ஸ்ல, சட்டைப் பையில இருந்தா எடுத்து வண்டி டேஷ்போர்டு ஸ்டாண்டுல வைக்கச் சொல்லுங்க. தரைக்கு வந்து சேரும்போது சேட்டிலைட் சிக்னல் ரொம்ப ரொம்ப பலவீனமாத்தான் இருக்கும், நடுவுல தகரம் வந்தா அவ்ளோதான். திறந்த வெளில நல்ல போன் சுமார் 5 மீட்டருக்குள்ள இடம் சொல்லும், அதுக்கு மேல எதிர்பார்க்கவும் கூடாது.

போன் ஆன்டெனாவே போயிடுச்சானு சந்தேகம் இருந்தா ஜிபிஎஸ்டெஸ்ட் மாதிரி ஒரு இலவச ஆப்பைப் போட்டு மொட்டை மாடில, இல்ல காலி கிரவுண்டுல ரெண்டு நிமிஷம் நில்லுங்க. சேட்டிலைட் ஒவ்வொண்ணுக்கும் சிக்னல் எவ்ளோ பலம்னு ஒரு நம்பர் வரும், 35ல இருந்து 45 வரைக்கும் நிறைய சேட்டிலைட் இருந்தா போன் நல்லா இருக்கு. எல்லாமே 20 சொச்சத்துல இருந்தா, டிஸ்ப்ளே மாத்துறேன்னு யாரோ ஒருத்தர் உள்ள ஆன்டெனா கிளிப்பை சரியா மாட்டாம மூடியிருக்கலாம். பக்கத்துல நல்ல போன் ஒண்ணையும் வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க, ஒரே இடத்துல, ஒரே நேரத்துல.

இன்னொண்ணு, டேஷ்கேம். மலிவான டேஷ்கேமும் பேர் தெரியாத யுஎஸ்பி சார்ஜரும் ஜிபிஎஸ் சிக்னல் மேல சத்தம் போடும். கேமராவைப் புடுங்கிட்டு அந்த நம்பர் ஏறுதானு பாருங்க. ஏறினா போனை ஒரு கை தூரம் தள்ளி வெச்சாலே பாதி சரியாயிடும்.

வண்டி பொம்மசந்திரா குடோன்ல நிக்குது, மேப்ல ஓசூர்ல காட்டுது

ஜிபிஎஸ் கிடைக்காத இடத்துல போன் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் பார்த்து, அந்த ரவுட்டர் உலகத்துல எங்க இருக்குனு ஒரு பெரிய பட்டியல்ல தேடி இடம் சொல்லும். நீங்க ஓசூர் ஆபீஸை காலி பண்ணிட்டு அதே ரவுட்டரை இங்க கொண்டு வந்து மாட்டியிருந்தா பட்டியல்ல அது இன்னும் ஓசூர்தான். குடோன் தகரக் கூரைக்குள்ள வண்டி நுழைஞ்சதும் புள்ளி ஓசூருக்குப் பறக்கும், வெளிய வந்ததும் திரும்பிடும். பேய் பிசாசு இல்ல. நாளாக நாளாக தானா சரியாகும். அவசரம்னா லொகேஷன் செட்டிங்ஸ்ல வைஃபை ஸ்கேனிங்கை ஆஃப் பண்ணிப் பாருங்க, இல்ல டேஷ்போர்டுல துல்லியம் 100 மீட்டருக்கு மேல மோசமா இருக்கிற புள்ளியை வாங்காதேனு ஃபில்டர் போடுங்க. ஃபில்டர் போடுறதுதான் என் கட்சி, இது கீழ வர்ற ஓவர்ஸ்பீடு கோளாறுக்கும் உதவும்.

காலைல பேஸ்மென்ட்ல இருந்து கிளம்பினா முதல் பத்து நிமிஷம் காணோம்

சேட்டிலைட் தன்னோட பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட்டுங்கிற ஆமை வேகத்துல அனுப்புது, ஒரு சேட்டிலைட்டோட விவரத்தை முழுசா வாங்கவே 30 செகண்ட் தடங்கல் இல்லாம கேக்கணும், எல்லா சேட்டிலைட்டோட பொதுப் பட்டியல் வேணும்னா பன்னெண்டரை நிமிஷம். போன் இதுக்கெல்லாம் காத்திருக்காம டேட்டா வழியா டவுன்லோடு பண்ணிக்கும், அதனாலதான் சீக்கிரம் கிடைக்குது. ராத்திரி டேட்டாவை ஆஃப் பண்ணி, காலைல பேஸ்மென்ட்ல போனை ஆன் பண்ணி, அப்படியே டிராஃபிக்ல நுழைஞ்சா குறுக்குவழி அடைபட்டுப் போகும். டேட்டாவை ஆன் பண்ணிட்டு வெளிய வந்து வானம் தெரியுற இடத்துல ஒரு நிமிஷம் நின்னு கிளம்புங்க.

வண்டி ஃப்ளைஓவர்ல போச்சா கீழ போச்சா தெரியல

எலக்ட்ரானிக் சிட்டி எலிவேட்டட் ரோடு 2010ல இருந்து இந்தப் பஞ்சாயத்தை வளர்த்துக்கிட்டு இருக்கு. டோல் காசு கேக்குறாரு டிரைவர், மேப்ல கீழ் ரோடு காட்டுது. ராகிகுட்டா சில்க் போர்டு டபுள் டெக்கர்லயும் இதே கதை. மேலயும் கீழயும் ஒரே நேர்ல இருக்கிற ரோடு, மேப் தட்டையாத்தான் பார்க்கும், உயரத்துல ஜிபிஎஸ் பண்ற தப்பு பக்கவாட்டுல பண்றதை விட எப்பவும் ஜாஸ்தி. போதாததுக்கு ஃப்ளைஓவருக்கு அடியில போனா கான்கிரீட் கூரை வேற. இதுக்கு ரிப்பேர் கிடையாது. வேகத்தைப் பாருங்க, காலை ஒன்பது மணிக்கு ஓசூர் ரோட்டுல 60ல போயிருந்தா மேலதான் போயிருக்கணும். இல்லனா ஃபாஸ்டேக் கணக்கைத் திறந்து பாருங்க, அதுல நேரத்தோட இருக்கும். டிரைவர்கிட்ட வாக்குவாதம் பண்ற அளவுக்கு மேப்பை நம்பாதீங்க.

சிக்பேட்ல, அவென்யூ ரோட்டுல வண்டி கட்டிடத்துக்குள்ள போகுது, அடுத்த தெருவுக்குத் தாவுது

சந்து, ரெண்டு பக்கமும் உயரமான கட்டிடம், சிக்னல் நேரா வராம சுவத்துல பட்டு சுத்தி வருது, சுத்தி வந்தா நேரம் கூடும், நேரம் கூடினா தூரம் கூடினதா போன் நினைச்சுக்கும். எல்1, எல்5னு ரெண்டு அலைவரிசை பிடிக்கிற போன் இந்த இடத்துல கொஞ்சம் சமாளிக்கும். 2018ல ஷாவ்மி மி 8 தான் இப்படி முதல்ல வந்த போன், இப்ப நடுத்தர விலைலயும் சிலது இருக்கு. லோடு வண்டிக்கு இதுக்காக போன் மாத்தணுமானா வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

இங்க ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு, நம்ம நாவிக் (இந்தியாவோட சொந்த ஜிபிஎஸ் மாதிரி) இருந்தா சரியாயிடுமானு. பீன்யால இஸ்ரோ ஆபீஸ் வாசல்ல லோடு இறக்குற ஊர்ல இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். நாவிக் நம்ம ஊருக்குனே ஏழு சேட்டிலைட் திட்டத்துல ஆரம்பிச்சது, முதல் சேட்டிலைட் 2013 ஜூலைல போச்சு. அது எல்5, எஸ் அலைவரிசைல பேசுறதால சாதா ஜிபிஎஸ் சிப்புக்கு கேக்காது, 2023 மே 29ல போன என்விஎஸ்-01தான் எல்1லயும் பேசுற முதல் நாவிக் சேட்டிலைட். உங்க போன் சிப்புக்கு நாவிக் தெரிஞ்சா அது ஜிபிஎஸ், அப்புறம் ரஷ்யா, ஐரோப்பா, சீனாவோட க்ளோனாஸ், கலிலியோ, பெய்டோவோட சேத்து தானே எடுத்துக்கும், நீங்க எங்கயும் ஸ்விட்ச் போட வேண்டியதில்ல. ஆனா சேட்டிலைட் எவ்ளோ கூடினாலும் பேட்டரி சேவர் ஆப்பைக் கொன்னா கொன்னதுதான்.

கிலோமீட்டர் கணக்கு ஒத்துவரல

டீசல் கணக்கும் பேட்டாவும் இதுல மாட்டுறதால இதை நிதானமா பாருங்க. முதல்ல கூடுதலா வருதா குறைவா வருதானு பாருங்க, ரெண்டுக்கும் காரணம் நேர் எதிர்.

கூடுதலா வந்தா: நிக்கிற வண்டியைப் பாருங்க. போன் ஒரே இடத்துல இருந்தாலும் புள்ளி ரெண்டு மூணு மீட்டர் அங்கயும் இங்கயும் ஆடும். பத்து செகண்டுக்கு ஒரு தடவை இடம் எடுக்குற ஆப்ல ஒவ்வொரு தடவையும் 5 மீட்டர் ஆடினா நிமிஷத்துக்கு 30 மீட்டர், மணிக்கு 1.8 கிலோமீட்டர், ராத்திரி பத்து மணி நேரம் ஷெட்ல நின்ன வண்டி 18 கிலோமீட்டர் ஓடினதா கணக்கு வரும்! வண்டியை யாரோ ராத்திரி எடுத்துட்டுப் போனாங்கனு வாட்ச்மேனை விரட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பாதையைப் பெருசு பண்ணிப் பாருங்க, ஷெட்டைச் சுத்தி நூல்கண்டு சிக்கின மாதிரி கிறுக்கல் இருந்தா வண்டி நகரவே இல்ல. ஆப் செட்டிங்ல குறைஞ்ச தூரம் 20, 30 மீட்டர்னு வைங்க, வேகம் 3, 4 கிலோமீட்டருக்குக் கீழ இருந்தா தூரத்தைக் கூட்டாதேனு வைங்க.

குறைவா வந்தா: பேட்டரிக்கு பயந்து ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவைனு வெச்சிருப்பீங்க. 60ல போற வண்டி ரெண்டு நிமிஷத்துல ரெண்டு கிலோமீட்டர் போயிடும், நடுவுல இருந்த வளைவெல்லாம் நேர்கோடாயிடும். நைஸ் ரோட்டுல பெருசா தெரியாது, தொப்பூர் இறக்கத்துல நல்லாத் தெரியும். சார்ஜர்ல மாட்டின போனுக்கு 10, 15 செகண்ட் தாராளமா வைக்கலாம், பேட்டரி பயமே வேண்டாம்.

ரெண்டும் சரி பண்ணின பிறகும் ஓடோமீட்டரோட அச்சு அசலா ஒத்துப்போகாது, டயர் தேய்மானம், காத்து எல்லாம் ஓடோமீட்டரையும் ஆட்டும். ஒரே ரூட்ல நாலஞ்சு தடவை ஒப்பிட்டு, எவ்ளோ வித்தியாசம் வழக்கமா வருதுனு தெரிஞ்சுக்கிட்டு, அதைத் தாண்டினா மட்டும் கேளுங்க.

40ல போன வண்டி 112ல போச்சுனு ஓவர்ஸ்பீடு அலர்ட்

ஒரு புள்ளி 200 மீட்டர் தப்பா விழுந்து, பத்து செகண்டுக்கு ஒரு தடவை எடுக்குற ஆப்பா இருந்தா, அந்த 200 மீட்டருக்கு மட்டும் 72 கிலோமீட்டர் வேகம் கூடிடும். ரெண்டு புள்ளிக்கு நடுவுல தூரத்தை நேரத்தால வகுத்து வேகம் சொல்ற ஆப்புக்கு இந்த வியாதி உண்டு. ஜிபிஎஸ் சிப் அலைவரிசை மாறுறதை வெச்சு தனியா ஒரு வேகம் சொல்லும், அது ரொம்ப நம்பகமானது. விக்கிறவங்ககிட்ட "நீங்க எந்த வேகத்தை எடுக்குறீங்க"னு கேளுங்க, முழிச்சா புரிஞ்சுக்கோங்க. ஒத்தைப் புள்ளிக்கு அலர்ட் அடிக்காம தொடர்ந்து மூணு புள்ளி தாண்டினா அடிக்கச் சொல்லுங்க. மேல சொன்ன 100 மீட்டர் ஃபில்டரும் இங்க உதவும்.

குடோனுக்கு வந்து சேர்ந்தாச்சு, "வந்தாச்சு" மெசேஜ் அஞ்சு நிமிஷம் கழிச்சு வருது, சில நாள் வரவே இல்ல

நீங்க வரைஞ்ச வட்டம் சின்னது. 30 மீட்டர்ல வட்டம் போட்டா புள்ளி ஆடுற ஆட்டத்துல உள்ளயும் வெளியவும் மாறி மாறி விழும். 100ல இருந்து 150 மீட்டருக்குக் குறையாம வைங்க, குடோன் நடுவுல இல்லாம கேட்டை நடுவா வெச்சு வரைங்க, தகரக் கூரைக்குள்ள போறதுக்கு முன்னாடியே வண்டி பிடிபடும். ரெண்டு மூணு நிமிஷ தாமதம் ஆண்ட்ராய்டுல இயல்பு, அதுக்காக யார்கிட்டயும் சண்டை போடாதீங்க.

காலை நாலு மணிக்கு மார்க்கெட்ல ஏத்தின லோடு முந்தின நாள் ராத்திரி பத்தரைனு ரிப்போர்ட்ல வருது

அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருந்தா சர்வர் உலக நேரத்துலயே எழுதுது, நம்ம நேரத்துக்கு மாத்தல. அக்கவுன்ட் செட்டிங்ல டைம்ஜோனை கொல்கத்தானு மாத்துங்க. இதைக் கவனிக்காம விட்டா அதிகாலை அஞ்சரைக்கு முன்னாடி நடந்த டிரிப் எல்லாம் முந்தின நாள் கணக்குல ஏறி பேட்டால குழப்பம் வரும்.

வருஷமே தப்பா, அதுவும் 19 வருஷம் ஏழெட்டு மாசம் பின்னாடி காட்டினா அது போன் இல்ல, நீங்க எங்கயோ செகண்ட் ஹேண்டுல வாங்கின பழைய டிராக்கர். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒரு தடவை பூஜ்யத்துக்குப் போகும், கடைசியா 2019 ஏப்ரல் 6ல போச்சு, அதைத் தாங்காத பொட்டி இப்படித்தான் பண்ணும். தூக்கிப் போடுங்க.

மதியத்துக்கு மேல போனே ஆஃப்

சார்ஜர்ல மாட்டியும் சார்ஜ் இறங்குதுனா, ஒண்ணு சார்ஜர் பலவீனம், ஒண்ணு சூடு. குட்டி யானை 12 வோல்ட், லாரி 24 வோல்ட், சார்ஜர் மேல "12-24"னு போட்டிருக்கானு பாருங்க, 12 மட்டும் தாங்குறதை லாரில சொருகினா கொஞ்ச நாள்ல புகைஞ்சுடும். கண்ணாடிக்குக் கீழ வெயில்ல வெச்ச போன் சூடானா தன்னைக் காப்பாத்திக்க சார்ஜ் ஏத்துறதையே நிறுத்திடும். பின்னாடி கவரைக் கழட்டிட்டு ஸ்டாண்டை டிரைவர் முழங்கால் பக்கம், நேர் வெயில் படாத இடத்துக்கு இறக்குங்க, கண்ணாடி வழியா வானம் கொஞ்சம் தெரிஞ்சாப் போதும்.

டிரைவர் போலி இடம் காட்டுறாரோனு சந்தேகம்

நிஜ புள்ளி ஆடும், வேகம் ஏறி இறங்கும், துல்லியம் ஒரு தடவை 4, ஒரு தடவை 11னு மாறும். மணிக்கணக்கா துல்லியமும் உயரமும் ஒரு எண்ணு கூட மாறாம இருந்தா போன்ல டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்து "மாக் லொகேஷன் ஆப்"ல ஏதாவது பேர் இருக்கானு பாருங்க. ஆண்ட்ராய்டே இது போலி இடம்னு ஆப்புக்கு ஒரு குறிப்பு கொடுக்கும், டிராக்கிங் ஆப் அதைக் காட்டுதானு கேளுங்க.

ஆனா இந்த சந்தேகத்துல முக்கால்வாசி வேற விஷயம். டூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போனப்புறமும் அவர் சொந்த போன்ல டிராக்கிங் ஓடிக்கிட்டே இருக்கும், ஓனர் ஞாயித்துக்கிழமை போன் பண்ணி "என்னப்பா, ஸ்ரீராமபுரத்துல என்ன பண்ற"னு விளையாட்டா கேட்டிருப்பாரு, மறுநாள்ல இருந்து அவர் லொகேஷனை ஆஃப் பண்ண ஆரம்பிச்சிருப்பாரு. அவர் பண்ணது தப்புனு எனக்குத் தோணல. ஆப்ல டூட்டி ஆன், டூட்டி ஆஃப் பட்டன் இருந்தா அதை அவர் கைலயே கொடுங்க, இல்லனா ஒரு பழைய போனும் சிம்மும் வாங்கி வண்டிலயே வெச்சுடுங்க. வண்டி போன் வண்டியோட இருக்கும், ராத்திரி ரீசார்ஜ் தொல்லை, ரீல்ஸ் தொல்லை, க்ளியர் ஆல் தொல்லை மூணும் ஒண்ணா ஒழியும்.

வண்டி திருட்டுக்கு இதை நம்பாதீங்க, திருடுறவன் முதல்ல போனைத்தான் தூக்கி வெளிய போடுவான், அதுக்கு மறைச்சு மாட்டுற டிராக்கர்தான் சரி. மஞ்சள் போர்டு கேப், பஸ் வெச்சிருக்கிறவங்க இன்னொண்ணும் கவனிங்க, 2019 ஜனவரி 1ல இருந்து ரிஜிஸ்டர் ஆகுற பயணிகள் வண்டிக்கு எமர்ஜென்சி பட்டனோட ஏஐஎஸ் 140ங்கிற தரத்துல டிராக்கர் இருக்கணும்னு விதி (ஆட்டோவுக்கு விலக்கு உண்டு), எஃப்சிக்கு (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) போகும்போது டிரைவர் போனைக் காட்டி தப்பிக்க முடியாது.